மீன் தொட்டிக்குள் ஒரு நடவு வயல்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் சின்னதாக ஒரு பவளத்திட்டுத் தொட்டி வைக்க ஆசை. வேதாரண்யம் உப்பைக் கரைத்து ஊற்றினால் ஆகாதா? இல்லையென்றால் தரங்கம்பாடியில் நாலு கேன் கடல்தண்ணீர் பிடித்து வந்துவிடலாமா? எத்தனை மீன் விடலாம்?"

உப்பு ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது கால்சியத்தில் பெரும்பகுதி முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். அப்புறம்தான் சாப்பாட்டு உப்பு பூக்கும். மக்னீசியம் கடைசிவரை கரைந்தே கிடந்து, மிச்சமாகும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். நாம் அள்ளுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. நத்தை ஓட்டுக்கும் கல்லில் படரும் ரோஸ் நிறப் பாசிக்கும் அது போதாது. கேன் தண்ணீரையும் நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோரத்தில் உப்பு இறங்கிவிடும். மீன் கடையில் விற்கும் கடலுப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். 60 லிட்டருக்கு இரண்டேகால் கிலோ பிடிக்கும், தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்ட வேண்டும். மோட்டார், விளக்கு எல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. புதுத் தொட்டியில் பத்தாம் நாள் மீன் செத்து மிதக்கும். "வீட்டுக்கு வந்த கண்ணை மீன் வாங்கிக்கிச்சு" என்பார் யாராவது ஒருவர். வாஸ்து மீன் வியாபாரமே இந்தப் பேச்சில்தான் ஓடுகிறது, எனக்கு எரிச்சலாக வரும். மீன் வாங்கிக்கொண்டது கண்ணை அல்ல, தான் செவுள் வழியாக விட்ட அம்மோனியாவை. கடல்நீர் பொதுவாக நன்னீரைவிடக் காரமானது, அதன் கார அளவான பி.எச். 8.1-லிருந்து 8.3 வரை. தண்ணீர் காரமாக ஆக ஆக, அம்மோனியம் அயனி அம்மோனியாவாக மாறும் பங்கு கூடும். விஷம் அதுதான். ஆகவே நன்னீர் மீன் தாங்கும் அளவு கடல் மீனைக் கொன்றுவிடலாம்.

இதிலிருந்து மீனைக் காப்பாற்றும் ஏற்பாடு உங்கள் ஊர் வயலில் காலங்காலமாக நடப்பதுதான்.

தாளடிக்கு மேலுரம் போடுகிறீர்கள். யூரியா சேற்றில் அம்மோனியமாகிறது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் சேற்றின் மேல்தோல் சில மில்லிமீட்டருக்குப் பழுப்பாக இருக்கும், ஆக்சிஜன் எட்டுவது அதுவரைதான். அங்கே ஒரு வகை பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் கீழே உள்ள கறுப்புச் சேற்றுக்கு இறங்கும். அங்கே ஆக்சிஜன் கிடையாது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, நைட்ரஜனைக் காற்றுக்கு விட்டுவிடும். வயலில் கால் வைத்தால் 'பொளக்' என்று வரும் குமிழியில் மீத்தேனோடு உங்கள் உரக்காசும் கொஞ்சம் போகிறது. யூரியாவோடு வேப்பம்புண்ணாக்கு கலப்பது முதல் வகை பாக்டீரியாவின் கையைக் கட்டிப்போடத்தான். 2015-இல் யூரியா முழுவதற்குமே வேம்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான்.

இப்போது தொட்டியில் போடும் ஓட்டைக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு பழுப்புத்தோல், உட்புறம் கறுப்புச் சேறு. ஆனால் கல்லைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே, உள்ளே மட்டும் ஆக்சிஜன் எப்படி இல்லாமல் போகும்? வெளியே குடியிருக்கும் பாக்டீரியாக்களே அதை வழியில் தின்று தீர்த்துவிடுகின்றன! நுண்துளை வழியாக மெல்லக் கசிந்து வரும் ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேருவதே இல்லை. ஒருவர் சாப்பிட்டு முடித்த இடம் இன்னொருவருக்கு வீடாகிவிடுகிறது, நடுவில் யாரும் சுவர் எழுப்பவில்லை. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது. விவசாயிக்கு நட்டமாகும் அதே வேலை தொட்டிக்காரருக்கு லாபம்.

சிக்கல் என்னவென்றால், அம்மோனியாவைத் தின்னும் கூட்டம் மகா சோம்பேறி. பாலைத் தயிராக்கும் பாக்டீரியா ஒரே இரவில் பானையை நிரப்பிவிடும். இவை ஒருமுறை இரட்டிக்கவே அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். ஆகவே உப்புத்தண்ணீர், ஆறேழு கிலோ கல், உரித்த இறால் ஒன்று, இவ்வளவோடு நாலிலிருந்து ஆறு வாரம் மீனே இல்லாமல் மோட்டாரை ஓட விடுங்கள். இறால் அழுகி அம்மோனியா வரும். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து அம்மோனியாவைச் சோதிக்கும் மருந்துச் சொட்டு விட்டால் முதல் வாரங்களில் பச்சையாகும், அம்மோனியா இருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் அது எலுமிச்சை மஞ்சளிலேயே நிற்கும். அப்போதும் மீன் வாங்க ஓடாதீர்கள், நைட்ரைட்டும் இறங்கட்டும்.

நான் ஒருமுறை கல்லில் பாசி பிடித்திருக்கிறதே என்று குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டேன். குளோரின் கலந்த நன்னீர். மூன்றாம் நாள் சோதனைக் குழாய் பச்சை, இரண்டு மீனும் போச்சு. அந்த வாரம் வந்துபோன விருந்தாளியைத்தான் என் மாமியார் இன்னமும் சந்தேகப்படுகிறார்.

சித்திரை வெயிலில் தொட்டியின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாகாது.

கல் பவளம் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் அதுவும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த கல் என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள், செராமிக் கல்லே போதும். மீனும் கடலில் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. கொள்ளிடம் தாண்டி வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலேயே கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம் இந்த மாதிரிப் பொரிப்பகங்களுக்குப் பணம் கேட்டு ஒரு குரல்கூடக் கொடுப்பதில்லை என்பது என் குறை.

எத்தனை மீன் என்றும் கேட்டிருந்தார். 60 லிட்டருக்கு ஒரு ஜோடி கோமாளி மீன், நாலு நத்தை. அவ்வளவுதான்.