எத்தனை இன்ச் என்பதை விடுங்கள்: அமெரிக்கத் தெற்கில் பனிப்புயல் முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி?

ஜனவரி பிறந்தால் போதும், அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களான ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக், கம்மிங் பக்கத்து நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். வட ஜார்ஜியா முழுக்க ஊதா நிறம், அட்லாண்டா மேல் "14" என்று ஓர் எண். பத்து நாள் கழித்து வரப்போகிற பனியாம். "அண்ணா, இது நெஜமா? ஃப்ளைட் டிக்கெட்டை மாத்திடட்டுமா?" என்று எனக்கும் நாலைந்து பேர் அனுப்புவார்கள்.

பள்ளி மாவட்டங்களுக்கும் சாலைப் பராமரிப்புப் பிரிவுகளுக்கும் வானிலை ஆலோசனை சொல்வது என் வேலை. வேலைக்கு வருவதற்கு முன்பே இது பித்து. இரவு பத்தரை வாக்கில் அமெரிக்கக் கணினி முன்னறிவிப்பு மாடலான ஜிஎஃப்எஸ் வர ஆரம்பிக்கும், ஒரு மணி சுமாருக்கு ஐரோப்பிய மாடல். தூக்கம் கெட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பார்க்கிற படத்தை வைத்துக் குடும்பத்துக்கு முடிவெடுப்பது வேறு விஷயம்.

அந்த ஊதாப் படம் ஒரே மாடலின் ஒரே ஓட்டம், அதாவது ஒரு முறை போட்ட கணக்கு. ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. ஆறு மணி நேரம் கழித்து அதே மாடல் அந்தப் பனியைக் கென்டக்கிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். நமக்குப் பனி கொடுக்கப் போகிற மேலடுக்குக் காற்றுச் சுழற்சி அப்போது பசிபிக் கடலின் மேல் எங்கோ இருக்கும். அங்கே பலூன் விட்டு அளக்க ஆளில்லை. ஐந்து நாளுக்கு மேல் தள்ளியிருந்தால் தனி ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு, பல ஓட்டங்களின் தொகுப்பான என்செம்பிளைப் பாருங்கள். ஐரோப்பிய மாடல் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை ஓடுகிறது. அதில் ஆறு மட்டும் பனி காட்டினால் ஆசைப்படலாம், அரிசி மூட்டை வாங்க வேண்டாம்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் பனிப் படங்களில் பெரும்பாலானவை ஓர் இன்ச் தண்ணீரைப் பத்து இன்ச் பனியாகக் கணக்கிட்டுப் போட்டவை. தெற்கில் விழும் ஈரப்பனி பல நேரம் அவ்வளவு உப்பாது. சில தளங்கள் உறைமழையையும் (தொட்ட இடத்தில் உறையும் மழை) ஸ்லீட்டையும் (பனிக்கட்டிக் குருணை) சேர்த்தே பனி என்று எண்ணிவிடும்.

அப்படியே அந்த எண் சரியாக இருந்தாலும், தெற்கில் ஆபத்தைச் சொல்வது அது இல்லை. 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டா விமான நிலையத்தில் பதிவான பனி 2.6 இன்ச். பனிக்குப் பேர்போன வடக்கு நகரமான பஃபலோவில் இதற்கு யாரும் ஜன்னல் திரையைக்கூட விலக்க மாட்டார்கள். இங்கே ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் காருக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள். பிள்ளைகள் பள்ளியிலும் பள்ளிப் பேருந்திலும் தூங்கினார்கள். காரணம் நேரம். மதியம் பனி விழத் தொடங்கியதும் பள்ளி, அலுவலகம், அரசு எல்லாம் ஒரே சமயத்தில் விட்டன. முதலில் விழுந்தது சாலையில் உருகி, சக்கரங்கள் நசுக்க, வெப்பநிலை இறங்க இறங்கக் கண்ணாடியாக இறுகியது. பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் வண்டிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. எதிர்பாராத புயல் என்று பிறகு பேசினார்கள். ஆனால் அமெரிக்க அரசின் வானிலைத் துறையான நேஷனல் வெதர் சர்வீஸ் அன்று அதிகாலை 3:38க்கே வார்னிங் கொடுத்திருந்தது. வட கரோலினாவின் ராலேவில் 2005 ஜனவரி 19 அன்று நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான், அங்கே ஓர் இன்ச் சுமாருக்கே.

முன்னறிவிப்பு தவறுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2000 ஜனவரி 24, 25 தேதிகளில் ராலே விமான நிலையத்தில் 20.3 இன்ச் விழுந்தது. 24ஆம் தேதி மாலைவரை மாடல்கள் அதைப் பிடிக்கவில்லை. தவறு இரண்டு பக்கமும் வரும். அதனால்தான் வெதர் சர்வீஸ் இப்போது குறைந்தபட்சம், எதிர்பார்ப்பது, அதிகபட்சம் என்று மூன்று அளவுகளாகப் போடுகிறது. நான் அந்த மூன்றுக்கும் உள்ள இடைவெளியைத்தான் முதலில் பார்ப்பேன். 0, 2, 7 என்றிருந்தால், அவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

ஜார்ஜியா, கரோலினாக்களில் பிடிபடாமல் போவதற்குப் பெரிய காரணம் அப்பலாச்சியன் மலை. நியூயார்க், நியூ இங்கிலாந்து பக்கம் வலுவான உயர் அழுத்தம் உட்கார்ந்தால், அங்கிருந்து குளிர்ந்த வறண்ட காற்று மலையின் கிழக்குச் சரிவை ஒட்டித் தெற்கே வழியும். மலையைத் தாண்ட முடியாமல், ஏரிக்கரையில் தண்ணீர் நிற்பதுபோல் கிரீன்வில், ஏதென்ஸ், அட்லாண்டா வடகிழக்குப் புறநகர் வரை தேங்கி நிற்கும். இதை இங்கே வெட்ஜ் என்பார்கள். ஆழம் அதிகமிருக்காது, சில ஆயிரம் அடிதான். அதன் மேலே மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று ஏறி வரும்.

மேலேயிருந்து பனியாக விழுவது அந்த வெப்ப அடுக்கில் உருகித் துளியாகிறது. கீழேயுள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் மறுபடி உறைந்து ஸ்லீட் என்கிற குருணையாக விழும். மெல்லியதாக இருந்தால் துளி துளியாகவே வந்து, கிளை, கம்பி, காரின் கண்ணாடி, எதைத் தொட்டாலும் உறையும். இதுதான் உறைமழை. ஐந்தாயிரம் அடி உயரத்தில் ஓரிரு டிகிரி வித்தியாசம், அட்லாண்டா புறநகரான டுலூத்தில் பிள்ளைகள் பனிமனிதன் செய்வதா, மரம் முறிந்து கரன்ட் போவதா என்பதைத் தீர்மானிக்கிறது. மாடல்கள் இந்தக் குளிர்த் தேக்கத்தைச் சீக்கிரம் கரைத்துவிடுவதாகக் காட்டும் பழக்கம் உடையவை. வெட்ஜ் வந்தால் அவை சொல்வதைவிடச் சில மணி நேரம் கூடுதலாகக் குளிர் நிற்கும் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய ஓர் எண் டியூ பாயின்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. வெளியே 38 டிகிரி ஃபாரன்ஹீட், மழைதானே என்று கிளம்புவோம். டியூ பாயின்ட் 18 என்றிருந்தால் காற்று காய்ந்து கிடக்கிறது. முதலில் விழும் மழை அதில் ஆவியாகி, ஆவியாகும்போதே காற்றைக் குளிர்விக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெப்பநிலை உறைநிலையான 32க்குக் கீழே இறங்கிவிடலாம். பாலத்தில் அதற்கு முன்பே உறைந்திருக்கும்.

படங்களைவிட நான் நம்புவது, நேஷனல் வெதர் சர்வீஸின் பீச்ட்ரீ சிட்டி அலுவலகம் எழுதும் ஃபோர்காஸ்ட் டிஸ்கஷனை. முன்னறிவிப்பாளர் எதில் உறுதியாக இருக்கிறார், எதில் தயங்குகிறார் என்பதை அவரே எழுதியிருப்பார். அவர்கள் விடும் அறிவிப்புகளில் வாட்ச் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கொள்ளுங்கள்: மருந்து, பால், பேட்டரி வாங்கும் நேரம். வார்னிங் என்றால் புயல் அநேகமாக உறுதி; அது வந்தபின் காஸ்ட்கோவுக்குப் போகாதீர்கள். வார்னிங்கைவிட ஒரு படி கீழான அட்வைசரி என்ற சொல்லைப் பார்த்து அலட்சியமாக இருப்பவர்கள்தான் சாலையில் அதிகம் மாட்டுகிறார்கள்.

பனியா உறைமழையா என்று சந்தேகமிருந்தால் உறைமழைக்குத் தயாராகுங்கள். கால் இன்ச் படிந்தாலே கிளைகள் முறிய ஆரம்பிக்கும், அரை இன்ச்சில் கம்பங்களும் கம்பிகளும் சாயும். 2002 டிசம்பரில் கரோலினாக்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப்தான் சூடாக்கும், பலருக்கு அடுப்பும் மின்சாரம். கரன்ட் போனால் சூடும் இல்லை, சோறும் இல்லை. அப்போது செய்யக்கூடாதது ஒன்று உண்டு: கரி கிரில்லையோ கேம்ப் அடுப்பையோ வீட்டுக்குள் கொண்டுவருவது, கராஜில் காரை ஓடவிட்டுக் குளிர்காய்வது. 2021 பிப்ரவரியில் டெக்ஸஸில் மாநில அரசின் கணக்குப்படி இறந்த 246 பேரில், கார்பன் மோனாக்ஸைடால் இறந்தவர்களும் உண்டு. அதற்கு வாசனை கிடையாது. கதவைத் திறந்துவைத்தாலும் போதாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றைப் படுக்கையறை அருகே மாட்டுங்கள். மெயின் தண்ணீர் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். குழாய் வெடித்த பிறகு தேடினால் கீழ்த்தளம் போய்விடும்.

புயல் போன மறுநாள் வெயில் அடிக்கும், பெரிய சாலைகள் கறுப்பாகத் தெரியும். "இன்னும் ஏன் ஸ்கூல் திறக்கல?" என்று பெற்றோர் கோபப்படுவார்கள். பகலில் உருகிய தண்ணீர் இரவில் மறுபடி உறைகிறது. பள்ளிப் பேருந்து கிளம்புவது காலை ஆறு மணிக்கு, அதுவும் பைன் மர நிழலில் ஏறி இறங்கும் உள்சாலைகளில், உப்பு வண்டி எட்டிப் பார்க்காத தெருக்களில். மாவட்ட அதிகாரிகளுக்கு நான் அன்றிரவு அனுப்பும் குறிப்பில் பனி எத்தனை இன்ச் என்பதே இருக்காது. வெப்பநிலை எத்தனை மணிக்கு 32க்குக் கீழே போகும், காலை எத்தனை மணிக்கு மேலே வரும், அதற்குள் காற்று சாலையைக் காயவைக்குமா, இந்த மூன்று வரிதான் போகும்.