கேமரா நனையலாம், ஜாயிண்ட் நனையக்கூடாது

ஐப்பசியில் முதல் மழை அடித்து ஓய்ந்த மறுநாள், சிசிடிவி கேமரா மாட்டும் எங்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "வாசல் கேமரா மட்டும் வரல, உள்ள இருக்கிறதெல்லாம் ஓடுது." கேமரா போய்விட்டது, புதுசு வாங்கணும் என்று வீட்டுக்காரர் முடிவே கட்டியிருப்பார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், அநேகமாகக் கேமராவில் ஒரு குறையும் இருக்காது. ஒயர் ஜாயிண்டில்தான் தண்ணீர் புகுந்திருக்கும்.

"ஐபி67னு பெட்டியிலேயே போட்டிருக்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதில் 6 என்றால் தூசி புகாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஆனால் அந்த உத்தரவாதம் கேமராவின் உடம்புக்கு. பின்னால் ஒரு முழ நீளத்துக்குத் தொங்குகிறதே ஒயர், அதன் நுனியில் இருக்கும் ஆர்ஜே45 சாக்கெட்டையும் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) டிசி பின்னையும் (அடாப்டர் மின்சாரம் செருகும் இடம்) மூடிப் பாதுகாக்க வேண்டியது மாட்டுகிறவர் வேலை.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு ஜாயிண்டைப் பிரித்தேன். சாதாரண பிவிசி இன்சுலேஷன் டேப்பை உருண்டையாகச் சுற்றி விட்டிருந்தார்கள். வெயிலில் பசை இளகி, தொட்டதும் டேப் வழுக்கிக்கொண்டு கழன்றது. உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. பிளக்கை உருவிப் பார்த்தால், எட்டுத் தகடுகளில் சில பளபளப்பாகவே இருந்தன, சிலவற்றில் பச்சை பூத்திருந்தது, ஒன்று பாதி அரித்தே போயிருந்தது. பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமராவில், அதே கேபிளில்தான் 48 வோல்ட் அளவுக்கு டிசி மின்சாரமும் போகிறது. உப்புக்காற்றின் ஈரம் சேர்ந்தால் மின்சாரம் தகட்டுக்குத் தகடு கசியும்; பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரைய ஆரம்பிக்கும். வெறும் ஈரத்தில் மெதுவாக நடக்கிற அரிப்பு, மின்சாரம் சேர்ந்தால் வேகம் பிடித்துவிடும். மேலே சுற்றிய டேப் உள்ளே போன ஈரத்தை உலரவும் விடாது.

பகலில் நன்றாக ஓடும் கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து வருகிறதா? முதலில் ஜாயிண்டைச் சந்தேகப்படுங்கள். இரவில் ஐஆர் விளக்குகள் (இருட்டில் பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்குகள்) எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும். அரித்துப்போன தகடுகளால் அதைத் தாங்க முடியாது.

நெட்வொர்க் கேபிளில் ஓடும் பல ஐபி கேமராக்களின் பெட்டியிலேயே ஒரு சின்ன கவரில் மரை போட்ட கறுப்புக் கூடும் ரப்பர் வளையங்களும் இருக்கும். அதுதான் ஆர்ஜே45 இணைப்புக்கான வாட்டர்ப்ரூஃப் கேப். பல மாடல்களில், கேபிளை முதலில் இதற்குள் கோத்துவிட்டுத்தான் பிளக்கைக் கிரிம்ப் செய்ய (கருவியால் அழுத்திப் பொருத்த) வேண்டும். பிளக் அடித்தபிறகு அந்த ரப்பர் துளைக்குள் நுழையாது. அவசரத்தில் இதை மறந்தவர்கள் அந்தக் கவரை அப்படியே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அது.

பிஓஇயில் ஓடும் கேமராவில் டிசி பின் சும்மா தொங்கும். அதையும் அடைக்க வேண்டும், அந்த வழியாகவும் தண்ணீர் ஏறும். கேப் இல்லாத இணைப்புகளுக்கும், பழைய வகை அனலாக் கேமராக்களின் பிஎன்சி இணைப்புக்கும் செல்ஃப் ஃபியூசிங் ரப்பர் டேப் வாங்குங்கள். அதில் பசை கிடையாது. அகலம் குறுகும் அளவுக்கு இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். வெயில் படாமல் இருக்க, அதன்மேல் ஒரு சுற்று பிவிசி டேப்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்துவிடுவது நல்லது. ஒயர் நுழையும் துளை பாக்ஸின் அடிப்பக்கம் இருக்கட்டும். மேலே துளைத்தால் மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். நுழைவதற்கு முன் ஒயர் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவரில் போடும் துளையும் வெளிப்பக்கம் சரிந்திருக்கணும். சிலிக்கான் பூசுவதென்றால் வினிகர் வாடை அடிக்கும் ரகத்தை இணைப்பின் பக்கம் கொண்டுவராதீர்கள். அது உலரும்போது வெளிவரும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.

12 வோல்ட் அடாப்டரையே சன்ஷேடுக்கு அடியில் தொங்கவிட்டிருந்தால், இன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு வீட்டுக்குள் மாற்றுங்கள். வெளியே போவதுதான் 12 வோல்ட், அதற்குள் வருவது 230 வோல்ட் வீட்டு மின்சாரம்; நனைந்தால் கேமராவோடு போகிற விஷயம் அல்ல, உயிருக்கே ஆபத்து.

ஏற்கெனவே தண்ணீர் புகுந்த கேபிளில் பிளக்கை மட்டும் மாற்றினால் நிற்காது. உறைக்குள்ளேயே ஈரம் ஊர்ந்து போயிருக்கும். கறுத்த செம்பு தீர்ந்து பளிச்சென்ற கம்பி தெரியும்வரை வெட்டித் தள்ளிவிட்டு, அங்கே புது பிளக் அடிக்க வேண்டும். புதிதாக மாட்டுகிறவர்கள், பாக்ஸை மூடுவதற்கு முன் உள்ளே இருக்கும் ஜாயிண்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி டெக்னீஷியனிடம் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் சந்தோஷமாகவே அனுப்புவார்.