டிவி போட்டி நிகழ்ச்சியில் காதுகேளாதவர் பங்கேற்க: எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும்

மதுரையில் ஏதாவது சேனல் வினாடி வினாவுக்கு ஆள் எடுக்கிறது என்றால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்திலிருந்தெல்லாம் விண்ணப்பம் போகும். அதில் ஒருவருக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் "இந்த நிகழ்ச்சி உங்களுக்குச் சரிப்படாது" என்று அனுப்பிவிடுவது தவறு. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நியாயமான வசதி, அதாவது மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கத் தேவையான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. நடத்துபவருக்கு அளவுமீறிய சுமையாகும் ஏற்பாட்டை மட்டும் அது கட்டாயமாக்கவில்லை. ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரும், பஸ்ஸரோடு எரியும் ஒரு விளக்கும் பொதுவாக அப்படிப்பட்ட சுமை அல்ல.

இதே சட்டத்தின் 29, 42 ஆகிய பிரிவுகள் டிவி நிகழ்ச்சிகளில் சைகை மொழி, சப்டைட்டில் பற்றிப் பேசுகின்றன. அவை முக்கியமாகப் பார்ப்பவருக்கானவை. மேடையேறிப் போட்டியிடுபவர் பிடிக்க வேண்டியது நியாயமான வசதி என்ற பிடிமானத்தைத்தான். அதை ஆடிஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் பின்னால் காட்ட எதுவும் இருக்காது.

கடிதத்தில் "உதவி தேவை" என்று பொதுவாக எழுதினால், வாசிக்கும் ஆளுக்கு எதுவும் புரியாது. நீங்கள் பயன்படுத்துவது இந்திய சைகை மொழியா, எழுத்தா என்று முதலில் சொல்லுங்கள். பிறவியிலேயே கேளாத பலருக்குச் சைகைதான் முதல் மொழி. திரையில் ஓடும் நீண்ட தமிழ் வாக்கியத்தைப் பத்து விநாடியில் படிப்பது அவர்களுக்குக் கடினம். நடுவயதில் கேட்கும் திறன் இழந்தவருக்கோ பெரும்பாலும் சைகை தெரியாது. எழுத்துதான் உதவும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி அட்டையின் நகலையும் இணையுங்கள். அட்டை இல்லாதவர்கள் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். இரு காதிலும் பேச்சொலி அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காதுகேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை என்றால் கேட்புத்திறன் குறைந்தவர் என்றும் சட்டம் வகைப்படுத்துகிறது.

படப்பிடிப்பில் பெரும்பாலும் பிசகுவது நேரக் கணக்கில்தான். தொகுப்பாளர் கேள்வியை முடித்ததும் டைமர் ஓடத் தொடங்கிவிடும். அப்போது மொழிபெயர்ப்பாளரின் கை இன்னும் பாதிக் கேள்வியில்தான் இருக்கும். எனவே, கை தாழ்ந்த பிறகே டைமர் தொடங்க வேண்டும் என்று விதியாகவே எழுதி வாங்குங்கள். பஸ்ஸர் சத்தத்தோடு விளக்கும் எரிய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தொகுப்பாளருக்குப் பக்கத்தில், போட்டியாளரின் பார்வையில் இருவரும் ஒன்றாகத் தெரியும்படி நிற்க வேண்டும். கை தெளிவாகத் தெரிய, தோலின் நிறத்துக்கு மாறான ஒற்றை நிறச் சட்டை நல்லது. செட் விளக்கை அணைத்து "சஸ்பென்ஸ்" கூட்டும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர் மேல் ஒரு விளக்காவது எரியட்டும்.

சைகையே விடையைக் காட்டிவிடுவதும் உண்டு. "தந்தம் உள்ள விலங்கு எது?" என்ற கேள்வியில் தந்தத்தைக் கையால் வரைந்தால் யானை தானாக வந்துவிடும். அத்தகைய சொல்லை விரலெழுத்தால், அதாவது விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டுவதா, வேறு கேள்வி வைப்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் சுற்றுக்கு அதே கடினத்தில் படம் பார்த்துச் சொல்லும் மாற்றுச் சுற்று கேளுங்கள். நண்பருக்குப் போன் போடும் வாய்ப்பு வீடியோ அழைப்பாக மாறினால் போதும்.

அக்காவையோ பள்ளி ஆசிரியரையோ மொழிபெயர்க்க அழைத்துவர வேண்டாம். விடை சொல்லிக் கொடுத்தார் என்று யாராவது கிளப்பினால் வெற்றியே கேள்விக்குள்ளாகும். பயிற்சி பெற்ற, உறவில்லாத மொழிபெயர்ப்பாளரை நிகழ்ச்சியினரே ஏற்பாடு செய்யட்டும். சொற்களைத் தயார் செய்ய அவருக்குக் கேள்விகள் சற்று முன்பே வேண்டும், விடைகள் வேண்டாம். ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கி, போனை வாங்கி வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். நீண்ட படப்பிடிப்பென்றால் இருவர் தேவை. அரைமணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் மொழிபெயர்த்தால் தவறு கூடும்.

சேனல் மறுத்தால், மறுப்பை மின்னஞ்சலில் தரும்படி கேளுங்கள். ஒளிபரப்பு மத்திய அரசின் பொறுப்பு என்பதால், டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். சென்னை மாநில ஆணையருக்கு நகல் போகட்டும். கடிதம், பதில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஆடிஷன் தேதி எல்லாம் இணைப்பில் இருக்க வேண்டும். தலைமை ஆணையர் தருவது பரிந்துரைதான். அதைப் பெறும் அதிகார அமைப்பு எடுத்த நடவடிக்கையையோ ஏற்காததற்கான காரணத்தையோ 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை.