காந்தத் தூண்டல் சிகிச்சை: அமெரிக்காவில் மெடிகேர் எதற்குப் பணம் தரும்?

‘எஃப்டிஏ அனுமதி பெற்ற கருவி’ என்று விளம்பரத்தில் பார்த்ததும், பக்கவாதத்தில் கை விழுந்த அப்பாவுக்கும் பார்க்கலாமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். எஃப்டிஏ என்பது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு. அது தந்த அனுமதி எந்த நோய்க்கு என்பதுதான் கேள்வி.

தலைமேல் ஒரு காயிலை (கம்பிச்சுருளை) வைத்து, டக் டக்கென்று காந்தத் துடிப்புகளை மூளைக்குள் அனுப்புவதுதான் இந்தச் சிகிச்சை. சத்தம் அதிகம், காதை அடைத்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு 2008-இல் அனுமதி கிடைத்தது. அப்புறம் ஒற்றைத் தலைவலி, ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் மனநோய்), புகைப்பழக்கம். பக்கவாதக் கைக்கோ மறதிக்கோ இந்த வரிசையில் இடமில்லை. பக்கவாதக் கை பற்றி 2018-இல் வெளியான நிச் என்ற ஆய்வில், ஒப்பிடுவதற்காகப் போலித் தூண்டல் பெற்றவர்களின் கையும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தது. மறதி நோயான அல்சைமருக்கான நியூரோஏடி என்ற காந்தத் தூண்டல் கருவிக்கு ஆதாரம் போதவில்லை என்று எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 2019 மார்ச்சில் கருதியது.

அனுமதி இல்லாத நோய்க்கும் மருத்துவர் இதைச் செய்யலாம், சட்டம் தடுக்காது. பணம்தான் சிக்கல். கடுமையான மனச்சோர்வுக்கு நிபந்தனைகளோடு பணம் தரும் மெடிகேர் (முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு), கைக்கும் மறதிக்கும் கையை விரிக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படித் தெரிந்தால் கிளினிக் முன்கூட்டியே ‘ஏபிஎன்’ என்ற படிவத்தைத் தர வேண்டும். மெடிகேர் ஏன் மறுக்கக்கூடும், எவ்வளவு செலவாகும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கீழே மூன்று கட்டங்கள். சிகிச்சை வேண்டும் என்றால் முதல் கட்டத்தையே குறியுங்கள்: பில் மெடிகேருக்குப் போகும், மறுத்தால் அறிவிப்பு கிடைத்த 120 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இரண்டாவதைக் குறித்தால் பில்லே போகாது, மேல்முறையீடும் கிடையாது. மூன்றாவது, சிகிச்சையே வேண்டாம் என்பது. தர வேண்டிய படிவத்தைத் தராமல் சிகிச்சை செய்துவிட்டு, மெடிகேர் மறுத்தபின் கிளினிக் உங்களிடம் பணம் கேட்டால், பொதுவாக நீங்கள் கட்ட வேண்டியதில்லை.

தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மூலம் கிடைக்கும் மெடிகேரான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் படிவம் கிடையாது. செலவை ஏற்பீர்களா என்று திட்டத்திடமே முன்கூட்டி எழுத்தில் முடிவு கேட்டு வாங்க வேண்டும்.

கைக்கு உறுதியாகக் கேட்டு வாங்கக்கூடியது பிசியோதெரபி. ‘முன்னேற்றம் இல்லை’ என்ற ஒரே காரணத்துக்காக மெடிகேர் அதை நிறுத்தக் கூடாது என்பது 2013-இல் ஜிம்மோ வழக்குச் சமரசத்தில் உறுதியானது. இருக்கும் அசைவைக் காக்க தெரபிஸ்ட்டின் திறமை தேவை என்று மருத்துவக் குறிப்பில் இருக்க வேண்டும். அந்த வரியை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.