நரம்பியல் வார்டில் கேட்டதையே திரும்பக் கேட்கும் அந்த இளம் மருத்துவர்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவில் நோயாளியைச் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "பெரிய டாக்டரைக் காணோம், பி.ஜி. டாக்டர்தான் வந்து வந்து கேட்டதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்." பி.ஜி. என்றால் முதுநிலைப் படிப்பில் இருக்கும் பயிற்சி மருத்துவர். அந்த பி.ஜி. டாக்டர் யார், அவர் ஏன் அப்படிக் கேட்கிறார், அவருக்கு நீங்கள் எதைச் சொன்னால் உங்கள் நோயாளிக்கு நன்மை என்பதை, அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். நரம்பியலில் டி.எம். என்னும் உயர்சிறப்புப் படிப்பைப் பயிலும் இந்த பி.ஜி., "படிக்கிற பையன்" அல்லர். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., அதன்பின் பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ 3 ஆண்டு எம்.டி. முடித்து, அகில இந்திய நுழைவுத் தேர்விலும் தேறிய பிறகே அவர் இந்த 3 ஆண்டுப் படிப்புக்கு வருகிறார். வேறோர் ஊரில் தனியாக மருத்துவமனை வைத்து நடத்தத் தகுதியுள்ளவர், இங்கே இரவு டியூட்டியில் உங்கள் தந்தையின் முழங்காலைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் கற்கும் முறைக்கு ஒரு வரிசை இருக்கிறது. கோளாறு எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. அது என்ன என்பது இரண்டாவது. ஸ்கேன் அதற்கும் பிறகுதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை நரம்பு அறுவை சிகிச்சைப் பணியைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேன் என்ற கருவியே உலகில் இல்லை. நோயாளி ஒருவருக்கு அது முதன்முதலாக எடுக்கப்பட்டது 1971-இல், லண்டனில். ஆகவே கேட்டும், தொட்டும், தட்டியும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கலையே அந்தத் தலைமுறைக்கு ஆதாரமாக இருந்தது. ஸ்கேன் வந்துவிட்டதால் அந்தக் கலை தேவையற்றதாகிவிட்டது என்று நினைப்பவர்கள், எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு கால்களும் வலுவிழந்தவர், வெளியே கடன் வாங்கி எடுத்த இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. படத்தோடு வருவார், படத்தில் குறிப்பிடும்படி எதுவும் இராது. பயிற்சி மருத்துவர் ஒரு குண்டூசியால் தொடையிலிருந்து மேல்நோக்கி மெதுவாகக் குத்திக்கொண்டே போவார். தொப்புளுக்கு மேலே போனதும் "இப்போது நன்றாகத் தெரிகிறது" என்று நோயாளி சொன்னால், கோளாறு இடுப்பில் இல்லை, மார்புப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கிறது என்று பொருள். தவறான இடத்தைப் படம் எடுத்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் அது சரியான விடையைத் தராது. இதனால்தான், கோளாறு எந்த இடத்தில் என்று பி.ஜி. வாய்விட்டுச் சொல்லும் வரை ரவுண்ட்ஸில் நான் படத்தை உறையிலிருந்து எடுக்க விடுவதில்லை. இது பழமைவாதம் என்று என் மாணவர்கள் முணுமுணுப்பது எனக்குத் தெரியும்.

பக்கவாதப் பிரிவில் பணியாற்றும் மாதங்களில் அவர் கடிகாரத்தோடு வேலை செய்யப் பழகுகிறார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போடுவதே பொதுவான விதி. இங்கே "எப்போது தொடங்கியது" என்ற கேள்வியை அவர் மனைவியிடம் ஒரு முறை, மகனிடம் ஒரு முறை, ஆட்டோவில் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு முறை கேட்பார். அவர் உங்களை நம்பாமல் அப்படிச் செய்வதில்லை. "காலை 6 மணிக்குக் கை வரவில்லை" என்று நீங்கள் சொல்லும்போது, 6 மணி என்பது நீங்கள் கண்டுபிடித்த நேரமே ஒழிய நோய் தொடங்கிய நேரமாக இருக்க வேண்டியதில்லை. இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் என்றால் எங்கள் கணக்கு 10 மணியிலிருந்து தொடங்குகிறது. எனவே நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தவர் எவரோ அவரை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள், முடியாவிட்டால் அவரது தொலைபேசி எண்ணையாவது கையில் வைத்திருங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையேனும் நோயாளி சாப்பிடுகிறாரா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா என்பவையும் அந்த ஊசி போடுவதை மாற்றக்கூடிய விவரங்கள். சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துபோனாலும் பக்கவாதம் போலவே கை கால் விழக்கூடும் என்பதால் விரல் நுனியில் குத்தி முதலிலேயே பார்த்துவிடுகிறோம். நேரம் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. பெரிய இரத்தக் குழாய் அடைபட்டவர்களில், ஸ்கேனில் தகுதி தெரிபவர்களுக்கு 24 மணி நேரம் வரையிலும் குழாய் வழியாகக் கட்டியை அகற்றும் வாய்ப்பு உண்டு. விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் வரை நோயாளியின் வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

வலிப்பு நோய்ப் பிரிவில் கற்க வேண்டியது வேறு வகை. நோயாளி எங்களிடம் வரும்போது வலிப்பு நின்றுபோயிருக்கும். நடந்ததைப் பார்த்தவரின் வாய்மொழிதான் எங்களுக்குச் சான்று. தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, நாக்கைக் கடித்துக்கொண்டாரா, தெளிய எவ்வளவு நேரமாயிற்று என்று அவர் துருவித் துருவிக் கேட்பது அதனால்தான். கையில் இரும்புச் சாவியைத் திணிக்க ஓடும் அந்த நேரத்தில், ஒருவர் நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைக்க, இன்னொருவர் கைபேசியில் படம் பிடித்தால் எங்களுக்குப் பேருதவி. ஐந்து நிமிடம் கடந்தும் வெட்டி இழுப்பது நிற்கவில்லை என்றால் அது அவசர நிலை, 108-ஐ அழையுங்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனை இயல்பாக இருக்கிறது என்று அறிக்கை வந்தால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. அந்த அரை மணி நேரத்தில் மூளையின் மின்னலையில் மாற்றம் தென்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். மாத்திரையை நிறுத்துவதற்கு அந்தக் காகிதம் போதாது.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றதும் குடும்பம் முழுவதும் எழுந்து நின்றுவிடுவதை வாரந்தோறும் பார்க்கிறோம். "கால் விளங்காமல் போய்விடும்" என்ற அச்சம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முதுகெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி செலுத்துவது அதற்கும் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் இடையே. நாங்கள் எடுப்பது சில மில்லிலிட்டர் நீர். உடல் ஒரு நாளில் ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் அந்த நீரைப் புதிதாகச் சுரந்துவிடும். தலைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்கிறோம். பின்னர் சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், பெரும்பாலும் சில நாட்களில் தணியும். இதற்கு மாறாக, மூளைக் காய்ச்சலில் இந்தப் பரிசோதனையை இரண்டு நாள் தள்ளிப்போட்டுக் கையெழுத்துக்காகக் காத்திருப்பதால் ஏற்படும் இழப்பு சில நேரங்களில் திரும்பப் பெற முடியாதது. பயிற்சியின் தொடக்கத்தில் இருப்பவர் இதைத் தனியே செய்வதில்லை, மூத்தவர் அருகில் நிற்பார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில், கை கால்கள் படிப்படியாகத் தளர்ந்துகொண்டே வரும் கில்லன் பாரி என்னும் நரம்பு நோய் கண்டவரை, நடு இரவில் எழுப்பி, ஒரே மூச்சில் ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்வார் பி.ஜி. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வார். தூங்குகிறவரை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்று உறவினர்கள் சண்டைக்கு வருவதுண்டு. மாலையில் 30 வரை எண்ணியவர் இரவில் 15-இல் நின்றுவிட்டால், விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டினாலும் மூச்சுத் தசைகள் தளர்ந்துகொண்டிருக்கின்றன என்று அறிகிறோம். அந்தக் கருவியின் எண் குறையும் வரை காத்திருந்தால் வென்டிலேட்டரை அவசரகதியில் மாட்ட நேரிடும்.

நரம்பின் மின்கடத்தல் பரிசோதனை அறை, குழந்தை நரம்பியல், மனநலம், நரம்பு அறுவை, கதிரியக்கம் என்று மற்றப் பிரிவுகளிலும் அவர் முறை வைத்துச் சுற்றி வருகிறார். மரத்துப்போன விரல்களோடு வந்தவரின் முழங்கைக்குப் பின்னால் தடவி, நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா என்று பார்க்கவும் பழகுகிறார். தொழுநோய் நம் நாட்டில் ஒழிந்துவிட்டதாக நினைப்பவர்கள் அந்தத் தடிப்பைத் தவறவிடுகிறார்கள்.

கற்பித்தலுக்காக மாணவர்கள் கூட்டமாக வந்து பரிசோதிப்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் சிகிச்சை குறையக்கூடாது. சிகிச்சைக்குப் பொறுப்பான யூனிட் தலைவர் யார் என்றும் கேட்கலாம். வீட்டுக்குப் போகும் நாளில் கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் அட்டையைப் பெரும்பாலும் அந்த பி.ஜி.தான் எழுதுகிறார். வார்டை விட்டு இறங்கும் முன்பு, எந்த மாத்திரை எத்தனை வேளை, பழைய மாத்திரைகளில் எவற்றை நிறுத்த வேண்டும், அடுத்து எந்தக் கிழமை ஓ.பி.க்கு வர வேண்டும் என்ற மூன்றையும் அவரிடமே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.