புவிக்காந்தத் தூண்டல் மின்னோட்டம்: சொல் விளக்கம்

1989 மார்ச் 13, அதிகாலை 2.44. கனடாவின் கியூபெக் மாகாண மின்கட்டமைப்பு தள்ளாடத் தொடங்கி, சுமார் 90 நொடிகளில் மொத்தமாகப் படுத்துவிட்டது. ஏறக்குறைய 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். இதைச் 'சூரியப் புயல் தாக்கியது' என்று எழுதுவது வழக்கம். படித்தால், சூரியனிலிருந்து மின்சாரமே கிளம்பி வந்து கம்பியில் இறங்கியது போலத் தோன்றும். உண்மையில் அந்த மின்னோட்டம் இங்கேயே, தரையிலேயே எழுந்தது. மின்பொறியாளர்கள் ஜி.ஐ.சி. (ஜியோமேக்னெட்டிக்கலி இண்டியூஸ்ட் கரன்ட்) என்று சுருக்கிச் சொல்லும் அதைத் தமிழில் 'புவிக்காந்தத் தூண்டல் மின்னோட்டம்' எனலாம்.

இதில் உயிரான சொல் 'தூண்டல்'. விளக்குத் திரியை மேலே தள்ளிச் சுடரைக் கூட்டுவது தூண்டுதல், அதற்கான குச்சி தூண்டுகோல். சுடர் கோலிலிருந்து வருவதில்லை. கம்பியில் ஓடும் மின்னூட்டமும் அப்படித்தான், சூரியனிலிருந்து வருவதில்லை. காந்தப்புலம் மாறினால் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டம் எழும் என்று ஃபாரடே 1831-இல் கண்டதைப் பள்ளிப் பாடநூல்கள் 'மின்காந்தத் தூண்டல்' என்கின்றன. 'இண்டக்‌ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'உள்ளே இட்டுச்செல்' என்றுதான் பொருள். தமிழ்ச் சொல் அதைவிடப் பொருத்தம் என்பேன்.

'காந்தம்' வடமொழி வழி வந்தது. 'அயஸ்காந்தம்' என்றால் இரும்புக்குப் பிரியமான கல். 'புவி'யும் வடசொல்தான். 'நிலக்காந்தம்' என மாற்றலாம், ஆனால் பழகிய சொல்லைக் கலைக்கத் தேவையில்லை.

சரி, தூண்டுவது எது? சூரியன் வீசும் பிளாஸ்மா மேகம், அதாவது மின்னூட்டமுள்ள துகள்களின் திரள், புவியின் காந்தப்புலத்தில் மோதும்போது, சுமார் 100 கி.மீ. உயரத்தில், மின்சாரத்தைக் கடத்தும் காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பெரும் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை ஏறி இறங்கும்போது தரையில் காந்தப்புலம் மாறி, மின்புலம் உண்டாகிறது. கடும் புயலிலும் அது கிலோமீட்டருக்குச் சில வோல்ட்தான். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட மின்தடத்தின் இரு முனைகளும் டிரான்ஸ்ஃபார்மர் வழியே 'எர்த்' ஆகியிருக்கின்றன. சுற்று முடிந்தது, மின்னோட்டம் பாய்கிறது.

இது நிமிடக் கணக்கில் மெதுவாக மாறுவதால், மாறுமின்சாரத்துக்கென்று கட்டிய டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர்மின்னோட்டம் போலத்தான். ஒவ்வோர் அலையின் ஒரு பாதியில் அதன் இரும்பு உள்ளகம் காந்தச் செறிவை, அதாவது அதற்கு மேல் காந்தமேற முடியாத நிலையை, எட்டிவிடுகிறது. சூடு ஏறுகிறது, அலைவடிவம் சிதைகிறது. கியூபெக்கில் அந்தச் சிதைவால்தான் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஏழு ஈடுசெய் கருவிகள் அடுத்தடுத்து விலகிக்கொண்டன. அங்கே அடியில் கிடப்பது மின்சாரத்தை எளிதில் கடத்தாத தொன்மையான பாறை. தரைக்குள் போக வேண்டியதும் 735 கிலோவோல்ட் தடங்களை நாடியது.

நீண்ட எண்ணெய்க் குழாய்களிலும் தந்திக் கம்பிகளிலும் இதே கதைதான். 1859 செப்டம்பர் புயலில், பாஸ்டன்–போர்ட்லாந்து தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தூண்டப்பட்ட மின்னோட்டத்திலேயே செய்தி அனுப்பிக்கொண்டார்கள்!

அப்புறம், 'தூண்டு மின்னோட்டம்' என்று சுருக்குவதைத் தவிர்க்கலாம். வினைத்தொகையாகையால், தூண்டுகிற மின்னோட்டமா, தூண்டப்பட்டதா என்ற குழப்பம் வரும். தூண்டுவது மேலே அயனி மண்டலத்தில் இருக்கிறது, தூண்டப்படுவது கீழே கம்பியில். 'புவி மின்னோட்டம்' என்பதும் வேறு, அது மண்ணுக்குள் இயல்பாக ஓடுவது.