பல்லை க்ளீன் பண்ணினால் ஆடிப்போகுமா?

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பல் தேய்க்கும்போது அம்மாவுக்கு ஈற்றில் ரத்தம் வருகிறது. டாக்டர் க்ளீன் பண்ணச் சொல்கிறார். பண்ணினால் பல்லெல்லாம் ஆடிப்போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அந்த அக்காவும் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் அப்பாயிக்கு வெற்றிலை இல்லாமல் பொழுது போகாது. ஒருநாள் இட்லி தின்றுகொண்டிருந்தபோது கீழ்வரிசை முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. துளி சொத்தை இல்லை. வேரைச் சுற்றி மட்டும் கறுப்பாக, நகத்தால் கீறினாலும் போகாத ஒரு வளையம். பூச்சி அரித்துவிட்டது என்றார்கள். எந்தப் பூச்சியும் அரிக்கவில்லை. பல்லைப் பிடித்திருந்த எலும்பு கரைந்துபோயிருந்தது. கரைத்தது அப்பாயியின் உடம்பேதான்!

பல்மேல் படியும் வழுவழுப்பு முழுக்க நுண்ணுயிர்கள் என்பது பள்ளிப் பாடம். 1683-இல் லேவன்ஹூக் என்ற டச்சுக்காரர் தன் பல்லிடுக்கிலிருந்து மாவு போன்ற அழுக்கைச் சுரண்டி நுண்நோக்கியில் பார்த்து, உள்ளே உயிர்கள் நெளிவதை எழுதிவைத்தார். தேய்க்காமல் விட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி இறுகிக் காரையாகிவிடும். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த மாதிரி. கீழ் முன்பற்களின் உள்பக்கம் இது அதிகம், ஏனென்றால் எச்சில் குழாய் நாக்குக்கு அடியில் அங்கேதான் திறக்கிறது. 1965-இல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழன்றது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது.

சரி, எலும்பு ஏன் கரைகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆறு கரையை அரித்துக்கொண்டே வந்தால், கொஞ்சம் நிலத்தை விட்டுக்கொடுத்து உள்ளே தள்ளிப் புதுக் கரை போடுவதுண்டு. தாடை எலும்பும் அதைத்தான் செய்கிறது. கிருமிக் கூட்டம் ஈற்றுக்குள் இறங்கி, எலும்புக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் வந்துவிட்டால் போதும். கிருமியோடு சண்டை போட வந்த செல்களே சமிக்ஞை அனுப்பி, எலும்பைக் கரைக்கும் செல்களைக் கூப்பிடுகின்றன. எலும்பு பின்வாங்குகிறது. தொற்று எலும்புக்குள் புகாமல் இருக்க உடம்பு வைக்கும் இடைவெளி அது. காரை வேரோடு இன்னும் கொஞ்சம் இறங்கும், எலும்பும் இன்னும் கொஞ்சம் ஒதுங்கும். வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் இது நடக்கும். கடைசியில் பல் நிற்க மண் இருக்காது.

இப்போது பக்கத்து வீட்டு அக்கா. எலும்பு கரைந்துபோன பிறகும் பற்களை ஒன்றோடொன்று பூசிப் பிடித்து வைத்திருப்பது அந்தக் காரைதான். அதை எடுத்ததும், ஏற்கெனவே பிடிப்பு விட்ட பல் ஆடுவது தெரியவருகிறது. பழி க்ளீனிங் மேல் விழுகிறது.

வெற்றிலையோடு புகையிலையும் சேர்ந்தால் இன்னொரு வம்பு. நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ரத்தம் அவ்வளவாக வராது, நோய் உள்ளே வளர்ந்தாலும் ஈறு நல்லபடியாக இருப்பதுபோல் தோன்றும். சர்க்கரை இருந்தால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும்.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி'தானே என்பீர்கள். குச்சியின் நார் அழுக்கைச் சுரண்டும், உண்மை. ஆனால் பல்லிடுக்குக்குள் போகாது. வேப்பஞ்சாறு ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொன்றது என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கண்ணாடித் தட்டில் வினிகரும் கொல்லும். அந்த ஆராய்ச்சிகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் கிராமத்துப் பள்ளிக்கு வருஷம் ஒருமுறை பல் டாக்டரை அனுப்பலாம் என்பது என் எண்ணம்.

ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து, காலையும் இரவும் தேய்க்கச் சொல்லுங்கள். இடுக்குக்குத் தனிச் சிறு பிரஷ் கிடைக்கிறது. காரையை மட்டும் வீட்டில் எடுக்க முடியாது.

க்ளீன் பண்ணிய பிறகு, பல்லுக்கு நடுவே சந்து விழுந்ததுபோல் அம்மாவின் நாக்குக்குத் தட்டுப்படும். அது காரை அடைத்திருந்த இடம்தான். டாக்டரிடம் போகும்போது ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்து சொல்லக் கேளுங்கள். கோடு போட்ட மெல்லிய கம்பியை அந்தப் பள்ளத்துக்குள் விட்டுப் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதைத் தாண்டிய பற்கள் எவை என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.